உஷ் அக்கா பேசிய குளிர்காலம்

அவளுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் அவள் உஷ் அக்கா. கட்டடத்தின் பின்கோடியில் ஒரு குளிர் அறை இருந்தது. அந்தப் பக்கம் யாராவது செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தால், கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பாள். பெரிய அதிகாரி வந்தாலும் அதே உஷ்தான், தண்ணீர் கேன் போட வருகிறவருக்கும் அதே உஷ்தான். ஆளுக்கொரு நீதி அவளிடம் கிடையாது.

அறைக்குள் அணில்கள் தூங்கிக்கொண்டிருந்தன. மரத்தில் ஓடித் திரியும் அணில்கள் இல்லை. குளிர் நாடுகளில் மண்ணில் வளை தோண்டி வாழும் ரகம், குளிர்காலம் முழுக்க ஒரு பருக்கை தின்னாமல் தூங்கும் ரகம். குளிர் தொடங்குவதற்கு முன்னால் விதையும் கேரட்டுமாகத் தின்று தின்று இரண்டு மடங்கு எடை போடும். அப்புறம் ஒரு நாள் பஞ்சுக்குள் பந்தாகச் சுருண்டு, மூக்கை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு, உடம்பின் அடுப்பை அணைத்துவிடும். அணைத்துவிடும் என்று சொல்வதும் தப்பு. சிம்மில் வைத்துவிடும். படபடவென்று நிமிடத்துக்கு முந்நூறு தடவை அடித்த இதயம் ஐந்தாறு தடவைதான் அடிக்கும். ஒரு மூச்சு விட்டு அடுத்த மூச்சு விடுவதற்குள் பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கு மூச்சு முட்டிவிடும்.

மனுஷ உடம்புக்கு இந்த வித்தை தெரியாது. நம் மூளைக்குள் ஒரு காவல்காரன் உட்கார்ந்திருக்கிறான். உடம்பு முப்பத்தேழு டிகிரியில் நிற்க வேண்டும் என்பது அவனுக்கு இட்ட கட்டளை. கொஞ்சம் கூடினால் வியர்க்க வைப்பான், கொஞ்சம் குறைந்தால் நடுங்க வைப்பான், நாம் தூங்கினாலும் அவன் தூங்க மாட்டான். அணிலுக்கும் அப்படி ஒருவன் உண்டு. ஆனால் குளிர்காலம் வந்ததும் அவனே எழுந்துபோய் அளவைக் கீழே இறக்கிவிடுகிறான். நாலைந்து டிகிரி போதும், அதற்கும் கீழே போனால் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று சும்மா இருந்துவிடுகிறான். அதனால்தான் அணில் ஐஸ் கட்டியாகக் குளிர்ந்தும் சாவதில்லை.

அக்காவின் வேலை கேட்பதற்குச் சுலபம். காலையில் இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொண்டு, கம்பளிக் குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டு உள்ளே போவாள். முதல் கதவு மூடிய பிறகுதான் இரண்டாவது கதவைத் திறக்க வேண்டும். உள்ளே மங்கலாக ஒரு சிவப்பு பல்பு. ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே போவாள். ஒவ்வொரு அணிலின் முதுகிலும் ஒரு சிட்டிகை மரத்தூள் தூவியிருப்பாள். மரத்தூள் அப்படியே இருந்தால் அணில் அசையவில்லை. கீழே கொட்டியிருந்தால் இடையில் எழுந்திருக்கிறது. இந்த மரத்தூள் சங்கதியைக் கேட்டுச் சிரிக்காத விருந்தாளி இல்லை. கோடிக்கணக்கில் கருவி வாங்கி வைத்திருக்கும் இடத்தில் தச்சுப்பட்டறைக் குப்பையா என்பார்கள். கருவி மாட்டினால் அணில் விழித்துக்கொள்ளும், மரத்தூளுக்கு விழிக்காது, அவ்வளவுதான் விஷயம்.

விழிப்புதான் அங்கே பெரிய செலவு. இந்த அணில்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ என்னவோ தாமாகவே விழித்துக்கொண்டு, சூடேறி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறுபடி குளிரில் இறங்கும். ஏன் எழுந்திருக்கின்றன என்று இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியாது. ஆனால் சேர்த்து வைத்த கொழுப்பில் பெரும்பங்கு தூக்கத்தில் கரைவதில்லை, இந்த விழிப்புகளில்தான் கரைகிறது. நாம் பாசமாக ஒரு தடவை தட்டிக்கொடுத்தால் போதும், அதுபாட்டுக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு வசந்தகாலத்துக்கு வைத்திருந்ததை எரித்துத் தீர்த்துவிடும். ஆகவே தொடாதே, பேசாதே, உஷ்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா ஒரு கூத்து அடித்தாள். ஒரு அணில் ஃபிரிட்ஜில் வைத்த உருளைக்கிழங்கு மாதிரி சில்லென்று கிடந்தது. மூச்சு ஓடுகிற மாதிரியே தெரியவில்லை. செத்துவிட்டது என்று நினைத்து, செய்தித்தாளில் சுற்றி, மேடத்திடம் காட்டலாம் என்று வெளியே அலுவலக மேஜையில் வைத்துவிட்டாள். மேடம் என்றால் அந்த ஆராய்ச்சியின் தலைவி. கொஞ்ச நேரத்தில் செய்தித்தாள் தானாக ஆட ஆரம்பித்தது. டீ குடித்துக்கொண்டிருந்த குமாஸ்தா நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினார். உள்ளே அணில் தையல் மிஷின் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கி நடுங்கிக் கடைசியில் கண்ணைத் திறந்து, செய்தித்தாள் மேலேயே உட்கார்ந்து மூஞ்சியைத் துடைத்துக்கொண்டது.

மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இனிமே குளிர்ந்து கிடக்குறதை செத்துடுச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. அதுங்க தோள்பட்டை நடுவுல பழுப்புக் கொழுப்புன்னு ஒண்ணு வெச்சிருக்கும். முதல்ல அது சத்தமில்லாம எரிஞ்சு நெஞ்சைச் சூடாக்கும். அப்புறம் சதை நடுங்கி மத்த உடம்பைச் சூடாக்கும். நடுங்குதுன்னா எழுந்திருக்குதுன்னு அர்த்தம்."

அக்கா அதில் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டாள். நடுக்கம் வந்தால் உயிர் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ குளிர்காலம், எத்தனையோ அணில். ஒரு தடவைகூட அந்தப் பாடம் பொய்த்ததில்லை. பொய்க்காத பாடம்தான் ஆளைக் கவிழ்க்கும்.

அவளுக்கு வாய்த்த புருஷன் டவுன் பஸ் கண்டக்டர். பேச்சு என்றால் அப்படியொரு பேச்சு. பஸ்ஸில் ஏறுகிறவர்களை உள்ளே போகச் சொல்லிக் கத்திக் கத்தி, வீட்டிலும் அவருக்குத் தணிந்த குரலே வராது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே முந்தின நாள் பஸ்ஸில் நடந்ததைச் சொல்லுவார். வாயில் நுரை இருந்தாலும் கதை நிற்காது. ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று ஒரு பஸ் பயணத்திலேயே நாலு வீட்டுச் சேதியைத் தெரிந்துகொண்டு வருவார். அவள் பதிலுக்கு "ம்" என்பாள். அந்த ஒரு "ம்"மிலேயே சம்மதம், சந்தேகம், போதும் நிறுத்துங்க எல்லாம் இருக்கும்.

"உன்கிட்ட பேசுறதுக்கு அந்த அணில்கிட்ட பேசலாம். அதாச்சும் எப்பவாவது முழிச்சுப் பாக்கும்" என்பார்.

அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். நாள் முழுக்கக் குளிரிலும் மௌனத்திலும் நின்றுவிட்டு, மாடிப்படி ஏறும்போதே அவர் குரல் கேட்டால் அவளுக்கு உடம்பின் விறைப்பு விட்டுப்போகும். பிடித்தது என்று அவரிடம் சொன்னதில்லை. இதையெல்லாம் வாய் விட்டுச் சொல்ல வேண்டுமா என்ன என்று இருந்துவிட்டாள். அப்படித்தான் பாதி வீடுகள் ஓடுகின்றன.

அன்று காலை அவள் குளிர் அறையில் இருந்தாள். செல்போன் உள்ளே போகக் கூடாது என்பதால் அது வெளியே அலமாரியில் அடித்து அடித்து ஓய்ந்தது. திடீரென்று இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. வாசலில் மேடம் நின்றுகொண்டு, "அக்கா! சீக்கிரம் வெளியே வாங்க!" என்று கத்தினார். அந்த அறையில் அவ்வளவு சத்தமாக யாரும் பேசி அவள் கேட்டதில்லை. விரல் உதட்டுக்குப் போய்விட்டது, பழக்கதோஷம். மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் விரல் தானாகக் கீழே இறங்கிற்று.

கண்டக்டர் பஸ்ஸிலேயே சுருண்டு விழுந்துவிட்டார். இதயம் நின்றுபோயிருந்தது. பஸ்ஸை ஓட்டிய டிரைவர் ஓரங்கட்டிவிட்டுப் பின்னால் ஓடிவந்து, அவரைத் தரையில் கிடத்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் நெஞ்சை அமுக்கினார். எப்போதோ டிப்போவில் முதலுதவி வகுப்பு எடுத்தபோது பாதி பேர் தூங்கினார்கள், இவர் தூங்காமல் இருந்திருக்கிறார். ஆம்புலன்ஸில் வைத்து மின்சார அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மறுபடி ஓட வைத்தார்கள். இதயம் ஓடியது. ஆள் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் இரண்டு அறுந்திருந்தது.

"அண்ணி, நான் அமுக்கினதுல விலா எலும்பு முறிஞ்சிருச்சு. சத்தம் கேட்டுச்சு. மன்னிச்சிடுங்க."

"எலும்பு கூடிக்கும் தம்பி" என்றாள் அக்கா. அவர் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு உள்ளே போனாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவழியாக அவரைப் பார்க்க விட்டபோது மகளும் வந்து சேர்ந்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகள், கிடைத்த வண்டியைப் பிடித்து வந்திருந்தாள். "அம்மா, அப்பா சில்லுனு இருக்காரும்மா. கையைத் தொட்டுப் பாரு."

அவர் வாயில் குழாய். நெஞ்சையும் தொடையையும் சுற்றி மெத்தை போல ஏதோ ஒட்டி, அதற்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து மிஷினில் முப்பத்து மூன்று என்று எண் தெரிந்தது. டாக்டர் விளக்கினார். கொஞ்ச வயசுதான், ஆனால் நிதானமான ஆள். இதயம் நின்ற நேரத்தில் மூளைக்கு ரத்தம் போகவில்லை. மறுபடி ரத்தம் போகும்போது, பட்டினி கிடந்த மூளைக்குள் இன்னொரு சேதம் ஆரம்பிக்கும். உடம்பைக் குளிர வைத்தால் மூளையின் பசி குறையும், சேதமும் குறையலாம். நாளைக்கு மெல்ல மெல்லச் சூடாக்குவோம். எழுந்திருப்பாரா, எழுந்தால் எந்த அளவுக்குப் பழையபடி இருப்பார் என்பது இப்போது சொல்ல முடியாது.

மற்றவர்களைப் பயமுறுத்தும் இந்தப் பேச்சு அக்காவுக்குத் தெம்பாக இருந்தது. குளிர்ந்த உடம்பைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள் அந்த வராந்தாவில் அவள்தான். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அணில்களைப் பற்றிச் சொன்னாள். அடுப்பை சிம்மில் வைப்பதை, நாலைந்து டிகிரியில் கிடப்பதை, நடுங்கி எழுந்து மூஞ்சி துடைப்பதை எல்லாம் சொன்னாள். மகள் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தாள். அம்மா இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"அப்ப அப்பா எழுந்துருவாராம்மா?"

"நடுக்கம் வரட்டும். வந்துட்டா ஆள் வந்தாச்சு."

மத்தியானம் நடுக்கம் வந்தது. முதலில் தாடை துடித்தது. அப்புறம் நெஞ்சு. அப்புறம் கட்டிலே லேசாக அதிர்ந்தது. அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "வந்துட்டாரு! முழிக்கிறாரு!" என்று மகளை உலுக்கினாள். அதே நேரம் அந்தப் பிரிவின் சிஸ்டர் ஒரு ஊசியோடு வேகமாக வந்தார்.

"அது என்ன சிஸ்டர்?"

"நடுக்கத்தை நிறுத்துறதுக்கும்மா. கொஞ்சம் தள்ளுங்க."

அக்கா தள்ளவில்லை. சிஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வாழ்நாளில் ஒரு மனுஷர் மேல் கை வைத்ததில்லை, அன்று வைத்தாள். "போடாதீங்க! அவரே எழுந்திருக்குறாரு, நீங்க ஏன் மறுபடி அமுக்குறீங்க? நான் பாத்திருக்கேன், எத்தனையோ பாத்திருக்கேன். விடுங்க, நடுங்கட்டும்!" அவள் குரல் அந்த அறை முழுக்க ஒலித்தது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உஷ் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

டாக்டர் ஓடிவந்தார். மகள் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். சிஸ்டர் ஊசியைப் போட்டார். நடுக்கம் மெல்ல அடங்கியது. அக்கா சுவரோடு சாய்ந்து நின்றாள். அவர்கள் தன் புருஷனைத் திரும்பவும் கிணற்றுக்குள் தள்ளிவிட்டார்கள் என்றே அவளுக்குத் தோன்றியது.

டாக்டர் கோபப்படவில்லை. எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார், அவளும் சொன்னாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க பாத்தது நிஜம்தாம்மா. ஆனா அணிலுக்கு அந்தக் குளிர் அதுவா போட்ட திட்டம். அது மூளையே அளவைக் குறைச்சு வெச்சிருக்கு. நேரம் வந்ததும் அதுவே ஏத்திக்குது, அதுக்காகவே கொழுப்பு சேத்து வெச்சிருக்கு. உங்க வீட்டுக்காரர் மூளை எதையும் குறைக்கல. அது இன்னும் முப்பத்தேழுன்னுதான் நினைச்சுக்கிட்டிருக்கு. நாம வெளியிலேர்ந்து குளிர வெக்கிறோம், உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடுது. அந்தச் சண்டைதான் இந்த நடுக்கம். இப்படி நடுங்கினா உடம்புக்கு ஆக்சிஜன் ரெண்டு மடங்குக்கு மேல தேவைப்படும். காலையில நின்னுபோன இதயம் அதைத் தாங்காது. அவர் முழிக்கல. குளிரோட மல்லுக்கட்டுறாரு, அவ்வளவுதான்."

தான் கையைப் பிடித்து நிறுத்தியிருந்த அந்தக் கொஞ்ச நேரம் அவர் இதயம் என்ன பாடு பட்டிருக்கும்? அக்கா அதைக் கேட்டேவிட்டாள். அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று டாக்டர் சொன்னார். அவள் நம்பவில்லை. சிஸ்டரிடம் போய், "தெரியாம பண்ணிட்டேன்மா" என்றாள். சிஸ்டர் சிவந்திருந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "நல்ல பிடிம்மா உங்களுக்கு" என்றார். அந்தப் பெண்ணின் கால் தூசுக்குச் சமமாக மாட்டோம் நாமெல்லாம்.

மறுநாள் சூடாக்கத் தொடங்கினார்கள். அணில் மாதிரி மளமளவென்று இல்லை. மணிக்குக் கால் டிகிரி, அதற்கு மேல் கூடாது. அக்கா மிஷினில் எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தேழு வந்தது. மயக்க மருந்தையும் நிறுத்தினார்கள். கை சூடாகிவிட்டது, கால் சூடாகிவிட்டது, கன்னத்தில் நிறம்கூட வந்துவிட்டது. ஆள் வரவில்லை.

அவளுக்கு உண்மையான பயம் அப்போதுதான் வந்தது. இத்தனை காலமும் சூடும் விழிப்பும் ஒன்று என்றே நினைத்திருந்தாள். சூடு வந்த பிறகும் விழிக்காத ஒரு உயிரை அவள் பார்த்ததே இல்லை. குளிர்ந்து கிடந்தவரைப் பார்த்துத் தைரியமாக இருந்தவள், வெதுவெதுப்பாகக் கிடந்தவரைப் பார்த்து ஆடிப்போனாள்.

"மருந்து உடம்பை விட்டுப் போகவே நேரமாகும். காத்திருக்கணும். ரெண்டு மூணு நாள் ஆனாத்தான் நாங்களே எதுவும் சொல்லுவோம்" என்றார் டாக்டர்.

சிஸ்டர் வேறு ஒன்று சொன்னார். "அவர்கிட்ட பேசுங்கம்மா. கையைப் பிடிச்சுக்கிட்டு ஏதாவது பேசுங்க. கேக்குமான்னு தெரியாது. கேட்டா நல்லதுதானே."

தூங்குகிற எதையும் தொடாமல், பேசாமல் இருப்பதற்குத்தான் அவளுக்கு இத்தனை வருஷமாகச் சம்பளம். "ஏங்க" என்று ஆரம்பித்தாள். அதோடு வண்டி நின்றுவிட்டது. மகள், "திட்டும்மா. அதாச்சும் வருதா பாரு" என்றாள். அது வந்தது.

"உங்களால எங்க ரூம்ல ரெண்டு அணில் முழிச்சிடுச்சு, தெரியுமா? மேடம் போட்ட கூச்சல்ல. அதுங்க கையில இருக்குறதே கொஞ்சூண்டு கொழுப்பு. அதை உங்களுக்காக எரிச்சுக்கிட்டிருக்குங்க. நீங்க என்னடான்னா சொகுசா படுத்திருக்கீங்க. எப்பவும் வாய் ஓயாது, இப்ப மட்டும் என்ன மௌன விரதம்? எழுந்து டிரைவர் தம்பிக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்னு இருக்கா? வீட்டுக்குப் போனா சுவரெல்லாம் என்னையே பாக்குது. எனக்கு உங்க சத்தம் வேணும். சொன்னதில்லைன்னு இப்படிப் பண்ணுவீங்களா? இதோ சொல்லிட்டேன். எழுந்திரிங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. அவள் அன்று சாயங்காலம் வரை திட்டினாள், மறுநாளும் திட்டினாள். தொண்டை கட்டிப்போய், மகள் வற்புறுத்தியதால் கீழே டீ குடிக்கப் போனாள். அந்தப் புண்ணியவான் அந்த நேரம் பார்த்துக் கண்ணைத் திறந்தார். சிஸ்டர் விரலைப் பிடியுங்கள் என்றதும் பிடித்தார். அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தபோது அவர் கண் அவளைத் தேடிப் பிடித்துக்கொண்டது. மறுநாள் குழாயை எடுத்தார்கள். கரகரத்த குரலில் அவர் முதலில் கேட்டது, "எனக்கு என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். பஸ், விழுந்தது, டிரைவர், ஆம்புலன்ஸ், குளிர். அவர் கண்ணை அகலத் திறந்து கேட்டுக்கொண்டார். "அப்பாடி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள் பக்கம் திரும்பி, "எனக்கு என்ன ஆச்சு?" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது, புதிய நினைவுகள்தான் ஒட்டவில்லை. பெண்டாட்டி தெரிகிறது, மகள் தெரிகிறது, பஸ் போகும் வழியில் ஒவ்வொரு நிறுத்தமும் வரிசையாக வருகிறது. ஆனால் காலையில் நடந்தது மத்தியானம் இல்லை. மூளையில் புது நினைவைப் பதிக்கும் பகுதிக்குத்தான் பட்டினியைத் தாங்கும் சக்தி ரொம்பக் குறைவு என்று டாக்டர் சொன்னார். நாளாக நாளாகத் திரும்பி வரலாம். இப்படியே நின்றும் போகலாம். வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். அக்காவுக்கு இப்போது அது ஒன்றுதான் கவலை. ஆளைக் கொடுத்துவிட்டு, அவருடைய நாளை மட்டும் யாரோ பிடுங்கி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

வீட்டுக்கு அழைத்து வந்தாள். இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். மேடம் லீவு கொடுத்துவிட்டு, அணில்களைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பார், திரும்புவார், "ஏம்மா, எனக்கு என்ன ஆச்சு?" என்பார். அவள் சொல்லுவாள். அரைத்த மாவையே அரைக்கிறோம் என்று சலித்துக்கொள்ளலாம்தான், ஆனால் அவருக்கு ஒவ்வொரு தடவையும் அது புது மாவு. ஒவ்வொரு தடவையும் விழுந்த இடத்தில் திடுக்கிடுவார், பிழைத்த இடத்தில் நிம்மதியாகச் சிரிப்பார்.

முதலில் ஆபீஸ் தகவல் மாதிரி சொன்னாள். பிறகு, ஒரே மாதிரி சொல்ல அவளுக்கே அலுத்துப்போய், கொஞ்சம் கொஞ்சமாகக் கதையில் கை வைத்தாள். பஸ்ஸில் கூட்டத்தை ஏற்றினாள். பயணி ஒருவர் கையில் கோழிக்குஞ்சுப் பெட்டி ஒன்றைக் கொடுத்தாள். ஆம்புலன்ஸை ஒரு லாரி மறித்து நிற்க, போலீஸ்காரர் அதை ஒதுக்கி வழிவிட்டார். அவர் ரசித்துக் கேட்டார். மகள் போனில், "அம்மா, உனக்குள்ள இப்படி ஒரு ஆள் இருந்தாளா?" என்று சிரித்தாள். எனக்கும் இது இப்போதுதான் தெரியும் என்றாள் அக்கா. வாய் பேசினாலும் மனசு ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வாரங்கள் போயின. கேள்வி நிற்கவில்லை.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொல்லும்போது டிரைவரை அழவிட்டாள். நிஜத்தில் அந்த மனுஷர் அழவில்லை, விலா எலும்புக்கு மன்னிப்புத்தான் கேட்டார். கதையில் அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டே தேம்பினார். கேட்டுக்கொண்டிருந்த கண்டக்டர், "எனக்காகவா அழுதான்?" என்று தானும் அழுதுவிட்டார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இனிமேல் டிரைவரை அழவிடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை வழக்கம் போல அவர் ஜன்னலிலிருந்து திரும்பிக் கேட்டார். அவள் கேரட் நறுக்கிக்கொண்டே தொடங்கினாள். பஸ், கூட்டம், கோழிக்குஞ்சு, விழுந்தது. "டிரைவர் தம்பி ஓடி வந்து, கல்லு மாதிரி நின்னு அமுக்கினாரு. அவர் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அவ்வளவு தைரியம்."

"ஏய், இரு இரு" என்றார் கண்டக்டர். "அவன் தேம்பித் தேம்பி அழுதான்னு சொன்னியே?"

அவள் கை அப்படியே நின்றது. "எப்ப சொன்னேன்?"

"நேத்துதான். துணி மடிச்சுக்கிட்டே சொன்ன. நான்கூட அழுதேன். இன்னைக்கு என்னடான்னா கல்லு மாதிரிங்கிற. ரெண்டுல எது நிஜம்?"

அவருக்கு ஒரு நேற்று கிடைத்திருந்தது. அவர் அதைப் பெரிய விஷயமாகவே நினைக்கவில்லை. பஸ்ஸில் டிக்கெட் எடுக்காத ஆளைப் பிடித்த மாதிரி அவளை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் அழலீங்க" என்றாள் அக்கா. ஆஸ்பத்திரியில் அத்தனை நாளும் வராத கண்ணீர் அப்போது மூக்கு நுனி வரை வழிந்துகொண்டிருந்தது.

"அப்ப நீ ஏன் இப்ப அழுற?"

"ஒண்ணுமில்ல. நேத்து நான் சொன்ன கதையை ஒரு தடவை சொல்லுங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க."

"ஏன், உனக்கு மறந்துபோச்சா?"

"ஆமாங்க, மறந்துபோச்சு."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். காலை நேரம், பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம், ஒருத்தர் கையில் கோழிக்குஞ்சுப் பெட்டி என்று பழைய குரலில் தொடங்கினார். அவள் கேரட்டைப் பாதியில் விட்டுவிட்டு, ஈரக் கையோடு அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.